தைராய்டுக் கட்டி: எந்த வகைப் புற்றுநோய் என்று எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள்?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அக்காவுக்கு 44 வயது, முன்கழுத்தில் 3 செ.மீ. கட்டி. ஊசி டெஸ்ட்டில் ‘ஃபாலிக்குலர் நியோபிளாசம், பெதஸ்தா 4’ என்று வந்திருக்கிறது. முதலில் பாதித் தைராய்டை எடுப்போம், ரிசல்ட் பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் மீதியையும் எடுப்போம் என்கிறார் டாக்டர். அதே தெருவில் இன்னொரு அம்மாவுக்குத் தைராய்டு கேன்சர் என்று ஒரே தடவையில் முழுவதும் எடுத்து, அயோடின் மருந்து (தைராய்டு செல்கள் உறிஞ்சி அழிந்துபோகும் கதிரியக்க அயோடின்) கொடுத்து, இன்று அவர் நன்றாக நடமாடுகிறார். காசிமேட்டில் சொந்தக்காரப் பெரியவர் ஒருவரோ, தைராய்டு கேன்சர் என்று தெரிந்த நான்கே மாதத்தில் இறந்துவிட்டார். “எல்லாம் ஒரே நோய்தானா? அக்காவுக்கு மட்டும் கேன்சரா இல்லையா என்று ஏன் இப்போதே சொல்ல மாட்டேன் என்கிறார்கள்?” என்பது கேள்வி.

வடசென்னையில் பல வருஷமாக ஸ்லைடு பார்க்கும் பேத்தாலஜிஸ்ட் நான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றும் ஒரே நோய் அல்ல. உறுப்பு ஒன்று என்பதைத் தவிர அவற்றுக்குள் ஒற்றுமை குறைவு. எந்தச் செல்லில் ஆரம்பித்தது, எந்த வழியாகப் பரவும், அயோடினுக்குக் கட்டுப்படுமா என்பதெல்லாம் வகைக்கு வகை மாறும். அக்காவின் டாக்டர் சொன்னது மழுப்பல் இல்லை. அவர் சொன்னதுதான் சரியான பதில். ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. “டி.எஸ்.ஹெச். நார்மல், அதனால் கேன்சர் இருக்காது” என்று நம்பி வருஷக்கணக்கில் கட்டியோடு இருப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்த ரத்தப் பரிசோதனை, சுரப்பி வேலை செய்கிறதா என்பதை மட்டும்தான் சொல்லும். தைராய்டு கேன்சர் உள்ள பெரும்பாலானவர்களுக்கு டி3, டி4, டி.எஸ்.ஹெச். மூன்றும் நார்மலாகவே இருக்கும். கட்டிக்குக் கழுத்து ஸ்கேன் வேண்டும், ஸ்கேனில் சந்தேகம் வந்தால் ஊசி டெஸ்ட் வேண்டும். அதே சமயம், தைராய்டுக் கட்டிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கேன்சர் இல்லை என்பதும் உண்மை. அதனால்தான் எல்லாக் கட்டியிலும் ஊசி குத்துவதில்லை. கறுத்துத் தெரிகிறதா, ஓரம் ஒழுங்கற்று இருக்கிறதா, அகலத்தைவிட உயரம் அதிகமா, உள்ளே பொடிப்பொடியாகச் சுண்ணாம்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று ஸ்கேனில் பார்த்து, அளவையும் சேர்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

ஊசி டெஸ்ட்டின் பதிலை உலகம் முழுக்க ஆறு படிகளாக எழுதுகிறோம். அதுதான் பெதஸ்தா. 1 என்றால் செல் போதவில்லை, திரும்ப எடுக்க வேண்டும். 2 சாதாரணக் கட்டி. 6 கேன்சர். நடுவில் உள்ள 3, 4, 5 எல்லாம் சந்தேகத்தின் அளவுகள். 2023இல் திருத்திய பட்டியலின்படி, 4 என்று வந்த கட்டிகளை ஆபரேஷன் செய்து பார்த்தால் சராசரியாக 30 சதவீதம் கேன்சராக இருக்கும். அதாவது அக்காவுக்கு இல்லாமல் இருப்பதற்கான வாய்ப்புதான் அதிகம். ஆனால் அப்படியே விட்டுவிடும் அளவுக்கு அதிகம் இல்லை.

சரி, ஏன் ஊசியிலேயே தெரியவில்லை? ஊசியில் வருவது தனித்தனிச் செல்கள். ஃபாலிக்குலர் அடினோமா என்பது சாதாரணக் கட்டி, ஃபாலிக்குலர் கார்சினோமா என்பது புற்றுநோய். இரண்டின் செல்களும் ஸ்லைடில் ஒன்றுபோலவே இருக்கும். எவ்வளவு அனுபவம் உள்ளவர் பார்த்தாலும் செல்லை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. வித்தியாசம் கட்டியைச் சுற்றியுள்ள உறையில் இருக்கிறது. செல்கள் அந்த உறையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தாலோ, உறையில் ஓடும் ரத்தக்குழாய்க்குள் புகுந்திருந்தாலோ அது கேன்சர். இரண்டும் இல்லையென்றால் கேன்சர் இல்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே எடுபடாது. பானையின் விளிம்பு முழுவதையும் பார்த்தாக வேண்டும்.

அதை நாங்கள் பார்க்கும் விதத்தையும் சொல்கிறேன், ரிப்போர்ட்டுக்கு ஏன் ஒரு வாரத்துக்கு மேல்கூட ஆகிறது என்பது அப்போது புரியும். எடுத்த பாதித் தைராய்டு ஃபார்மலின் ஊற்றிய டப்பாவில் லேபுக்கு வரும். எடை போட்டு, அளந்து, வெளிப்பக்கம் முழுக்க மை தடவுவோம். பிறகு நறுக்கினால், பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில் கட்டி ஒரே சீராக இருக்கும், சுற்றிலும் வெள்ளையாக உறை தெரியும். உறை கட்டியைத் தொடும் இடங்களிலிருந்து துண்டு துண்டாக எடுத்து, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் 250இல் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, சாயம் ஏற்றி, ஸ்லைடு ஸ்லைடாகப் பார்ப்போம். ஓரிடத்தில் உறை பாதி வரை அரிக்கப்பட்டிருந்தால் அதே துண்டை இன்னும் ஆழமாகச் சீவச் சொல்வோம். அடுத்த சீவலில் அது முழுக்கத் துளைத்திருக்கலாம். ரத்தக்குழாய் சந்தேகமாக இருந்தால் அதன் உள்சுவரைக் காட்டும் தனிச் சாயம் போடுவோம். ஒரே ஒரு இடத்தில் துளைத்திருந்தாலும் கட்டியின் பெயர் மாறிவிடும் என்பதால் இதில் அவசரப்பட முடியாது.

“ஆபரேஷன் டேபிளிலேயே உறைய வைத்துப் பார்த்துச் சொல்லக் கூடாதா?” என்று பலர் கேட்கிறார்கள். அந்த முறை மற்ற கட்டிகளுக்குக் கைகொடுக்கும், ஃபாலிக்குலருக்கு அவ்வளவாக உதவாது. கிடைக்கும் அரை மணி நேரத்தில் உறையின் ஓரிரு இடங்களைத்தான் பார்க்க முடியும். அங்கே ஒன்றுமில்லை என்றால் வேறு எங்கும் இல்லை என்று சொல்ல முடியாது.

முதலிலேயே முழுவதும் எடுத்துவிட்டால் என்ன என்றும் தோன்றும். தைராய்டின் பின்புறம் அரிசி அளவில் நான்கு பாராதைராய்டுகள் ஒட்டியிருக்கின்றன, ரத்தத்தில் கால்சியத்தைக் காப்பது அவைதான். இரண்டு பக்கமும் குரல்நாண்களுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. முழுவதும் எடுத்தால் இரண்டு பக்கமும் ஆபத்து, வாழ்நாள் முழுக்கத் தைராக்ஸின் மாத்திரை. பாதி எடுத்தால் ஒரு பக்கம் பத்திரமாக இருக்கும், பலருக்கு மாத்திரையே தேவைப்படாது. பத்தில் ஏழு பேருக்குக் கேன்சர் இல்லாத கட்டிக்கு அவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டாம் என்பதுதான் டாக்டரின் கணக்கு. நானும் அதையே சொல்வேன்.

ரிசல்ட் அடினோமா என்று வந்தால் கதை முடிந்தது. உறையை மட்டும் கொஞ்சம் துளைத்த கார்சினோமா என்றால், பல சமயம் அந்தப் பாதி ஆபரேஷனே போதும். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட ரத்தக்குழாய்களில் புகுந்திருந்தாலோ, சுற்றிலும் பரந்து பரவியிருந்தாலோ மீதியையும் எடுத்து அயோடின் கொடுப்பார்கள். ஃபாலிக்குலர் பரவுவது ரத்தத்தின் வழியாக, அதுவும் நுரையீரலுக்கும் எலும்புக்கும். கழுத்துக் கட்டியை வலி இல்லையே என்று விட்டுவிட்டு, ஒருநாள் லேசாக இடறியதில் தொடை எலும்பு முறிந்து எலும்பு டாக்டரிடம் போகிறவர்கள் உண்டு. முறிந்த இடத்தில் எடுத்த துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், எலும்புக்குள் தைராய்டு செல்கள் இருக்கும். உணவில் அயோடின் குறைவான பகுதிகளில் இந்த வகை ஒப்பீட்டளவில் அதிகம்.

இப்போது தெருவில் உள்ள அந்த அம்மாவுக்கு வருகிறேன். ஊசியிலேயே கேன்சர் என்று தெரிந்து, முழுவதும் எடுத்து, அயோடினும் கொடுத்தார்கள் என்றால் அது பெரும்பாலும் பாப்பில்லரி. தைராய்டு கேன்சர்களில் 80 சதவீதத்துக்கு மேல் இதுதான். இதில் மட்டும் அடையாளம் செல்லின் உட்கருவிலேயே எழுதியிருக்கிறது. உட்கரு பெரிதாகி, நடுவில் வெளிறி, நீளவாக்கில் ஒரு கோடு விழுந்திருக்கும். சிலவற்றில் உட்கருவுக்குள் ஒரு வட்டக் குழி தெரியும். உறையைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, நல்ல ஊசி டெஸ்ட்டில் நான்கைந்து செல்கூட்டம் கிடைத்தாலே தைரியமாக 6 என்று எழுதலாம்.

பாப்பில்லரி போகும் வழி வேறு. கழுத்து நெறிகளுக்கு முதலில் போகும். வடசென்னையில் பக்கவாட்டுக் கழுத்தில் நெறி கட்டினால் எல்லோருக்கும் முதலில் டி.பி. ஞாபகம்தான் வரும். அது நியாயம்தான், டி.பி. நெறி இங்கே அதிகம். ஆனால் இளவயதுப் பெண்ணுக்குக் காய்ச்சலும் இல்லை, எடையும் குறையவில்லை, நெறி மட்டும் நீர்கோத்ததுபோல் மெதுவாகப் பெருக்கிறது என்றால் தைராய்டையும் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். ஊசியில் உறுதி செய்யாமல் டி.பி. மாத்திரையை ஆரம்பிப்பது எனக்கு உடன்பாடில்லாத விஷயம். நெறியில் எடுத்த நீரில், தைராய்டு செல்கள் செய்யும் புரதமான தைரோகுளோபுலின் அளவைப் பார்த்தாலே அது தைராய்டிலிருந்து வந்ததா என்று தெரிந்துவிடும்.

நெறிக்குப் போயிருந்தாலும் பாப்பில்லரிக்கு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. பத்து வருஷம் கழித்தும் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். 55 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பாப்பில்லரியோ ஃபாலிக்குலரோ நுரையீரல்வரை போயிருந்தாலும் 2ஆம் நிலை என்றுதான் எழுதுவோம், 3, 4 என்பதே கிடையாது. வேறு எந்தக் கேன்சரிலும் இப்படி ஒரு சலுகையை எளிதில் பார்க்க முடியாது. 1 செ.மீ.க்கும் சிறிய பாப்பில்லரியை ஆபரேஷனே செய்யாமல் ஸ்கேனில் கவனித்துக்கொண்டிருக்கும் முறையை ஜப்பானில் கோபே நகரின் குமா மருத்துவமனையில் 1993இலேயே ஆரம்பித்துவிட்டார்கள். தென்கொரியாவில் உடல்நலப் பரிசோதனையோடு சேர்த்துப் பலருக்கும் கழுத்து ஸ்கேன் எடுக்க ஆரம்பித்ததும், 1993க்கும் 2011க்கும் இடையில் தைராய்டு கேன்சர் 15 மடங்கு கூடியது. சாவு எண்ணிக்கையோ மாறவில்லை. அறிகுறி எதுவும் இல்லாமல் மாஸ்டர் செக்கப்பில் கழுத்து ஸ்கேனையும் சேர்த்துக்கொள்ள வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். கையில் தட்டுப்படும் கட்டி வேறு விஷயம்.

ரிப்போர்ட்டில் வரக்கூடிய இன்னும் இரண்டு பெயர்கள். ‘நிஃப்டிபி’ என்று வந்தால், உட்கரு பாப்பில்லரிபோல் இருந்தும் எங்கும் ஊடுருவாத கட்டி என்று அர்த்தம். 2016வரை இதையும் கேன்சர் என்றுதான் எழுதினோம், அதற்குப் பிறகு அந்தப் பட்டத்தை எடுத்துவிட்டோம். ‘ஆன்கோசைட்டிக்’ அல்லது ‘ஹர்த்தில் செல்’ என்று வந்தால், ஃபாலிக்குலர்போலவே உறையைப் பார்த்துத்தான் முடிவு. ஆனால் கேன்சராக இருந்தால் இது அயோடினை அவ்வளவாக உறிஞ்சாது.

எல்லாவற்றையும்விட நான் கவலைப்படுவது மெடுல்லரி என்ற வகையைப் பற்றி. தைராய்டு கேன்சர் வந்த நூறு பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்குத்தான் இந்த வகை இருக்கும், அதனாலேயே யார் ஞாபகத்துக்கும் வருவதில்லை. மேலே சொன்ன வகைகள் எல்லாம் தைராய்டு ஹார்மோன் செய்யும் செல்லில் பிறப்பவை. இது பக்கத்தில் இருக்கும் ‘சி’ செல்லில் பிறப்பது. இந்தச் செல்லுக்கு அயோடினே வேண்டாம், அதனால் அயோடின் மருந்து கொடுத்தும் பயனில்லை. இது சுரப்பது கால்சிடோனின் என்ற ஹார்மோன். ரத்தத்தில் அதன் அளவு கூடியிருந்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். ஊசி டெஸ்ட்டில் இதன் செல்கள் பல வேஷம் போடும், சில சமயம் ஃபாலிக்குலர் என்றோ ஹர்த்தில் என்றோ தோன்றும். அதனால் அக்காவுக்கும் ஆபரேஷனுக்கு முன் கால்சிடோனின் ஒருமுறை பார்த்துவிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மெடுல்லரி என்று முன்பே தெரிந்தால் பாதி ஆபரேஷன் செய்ய மாட்டார்கள். முழுத் தைராய்டையும் நடுக்கழுத்து நெறிகளையும் சேர்த்தே எடுப்பார்கள்.

மெடுல்லரியில் நாலில் ஒரு பங்கு பரம்பரையாக வருவது, ‘ரெட்’ என்ற மரபணுவின் கோளாறு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. அதனால் குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாவிட்டாலும், மெடுல்லரி என்று வந்த எல்லோருக்கும் அந்த மரபணுவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும். பரம்பரை வகையில் சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பியிலும் கட்டி இருக்கலாம். அது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் டேபிளிலேயே ரத்த அழுத்தம் எகிறி உயிருக்கே ஆபத்தாகும். எனவே கத்தி வைப்பதற்கு முன் அதைத் தேடிப் பார்ப்பது கட்டாயம். காரணம் தெரியாமல் நாள்பட்ட பேதி, அடிக்கடி முகம் சிவப்பது, இவற்றோடு கழுத்தில் கட்டி என்றால் இதை நினைக்க வேண்டும்.

காசிமேட்டுப் பெரியவரின் ரிப்போர்ட்டை நான் பார்க்கவில்லை. ஆனால் வயதானவர், நான்கு மாதம் என்கிறபோது அனபிளாஸ்டிக் என்ற வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தைராய்டு கேன்சர் வந்த நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு இருப்பது, பெரும்பாலும் 60 தாண்டியவர்களுக்கு. பல வருஷமாகச் சும்மா இருந்த கழலை சில வாரங்களில் இரட்டிப்பாகும், குரல் கம்மும், விழுங்க முடியாது, படுத்தால் மூச்சு அடைக்கும். கண்டுபிடிக்கும்போதே 4ஆம் நிலைதான். பாதிப்பேர் ஆறு மாதம் தாண்டியதில்லை. கொஞ்சம் வழி திறந்திருப்பது ‘பிராஃப் வி600இ’ என்ற மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு. 2018இலிருந்து டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் என்ற இரண்டு மாத்திரைகள் சேர்ந்து சிலரிடம் கட்டியை நன்றாகவே சுருக்குகின்றன. அந்தப் பரிசோதனையை முதல் நாளே கேட்க வேண்டும்.

இதே வேகத்தில் வளரும் இன்னொன்று இருக்கிறது, தைராய்டு லிம்போமா, அதாவது தைராய்டில் உள்ள நிணநீர்ச் செல்களில் வரும் கேன்சர். பல வருஷம் ஹஷிமோட்டோ தைராய்டு (உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய்) இருந்தவர்களுக்கு வரும். வெளியே பார்த்தால் அனபிளாஸ்டிக் மாதிரியேதான். ஆனால் இதற்குப் பெரிய ஆபரேஷனே வேண்டாம், கீமோவிலும் கதிர்வீச்சிலும் பலருக்கு முழுதாகக் குணமாகும். மெல்லிய ஊசியில் இரண்டையும் பிரிப்பது கஷ்டம் என்பதால், தடித்த ஊசியால் துண்டாகச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். வயதானவருக்குக் கழுத்து வேகமாக வீங்கினால் “இனி என்ன செய்ய” என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த வாரமே ஸ்டான்லிக்கோ, சென்ட்ரல் எதிரே ஜி.எச்.சுக்கோ அழைத்துப் போங்கள். ஜி.எச்.சில் தைராய்டு போன்ற சுரப்பிகளின் ஆபரேஷனுக்கென்றே தனித் துறை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு வரும் ரிப்போர்ட்டில் ‘கேன்சர் இருக்கிறது, இல்லை’ என்பதோடு நிறுத்தாதீர்கள். வகையின் பெயர் என்ன, உறை துளைக்கப்பட்டிருக்கிறதா, ரத்தக்குழாயில் புகுந்திருக்கிறதா, புகுந்திருந்தால் எத்தனை குழாய், வெட்டிய ஓரம் சுத்தமா என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மீதியை எடுப்பதா வேண்டாமா என்பது அந்த வரிகளில்தான் இருக்கிறது. ஃபாலிக்குலரோ சாதாரண பாப்பில்லரியோ என்றால் பிள்ளைகளுக்கு மரபணுப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. இரண்டாவது கருத்துக் கேட்க அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்கோ வேறு இடத்துக்கோ போவதாக இருந்தால் வெறும் காகித ரிப்போர்ட் போதாது. ஸ்லைடுகளையும், மெழுகில் பதித்த துண்டுகளையும் லேபில் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். ‘பிளாக்’ என்று கேட்டால் தருவார்கள், கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டியிருக்கும். வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள், மெழுகு உருகிவிடும்.